எந்தச் சல்லடையில் சலிப்பது?

மாவைச் சலிப்பதற்கும் மனம் சலிப்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளை ஆயிரக்கணக்கில் திரையில் வைத்துக்கொண்டு, இது வேண்டும், இது வேண்டாம், இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போன முதல் இரவில் தெரிந்தது.

சேலத்தில் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் மூன்று பேர். நான், மயக்கவியலில் பிஜி படிக்கும் தம்பி ஒருவர், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் வார்டில் நின்ற சிஸ்டர் ஒருவர். நிதி என்று எதுவும் இல்லை. கையில் இருப்பது இரண்டு மடிக்கணினியும் சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வியும்தான்.

2021 மே மாதத்தை இந்த ஊர் மறந்திருக்காது. இரும்பாலை வளாகத்திலேயே 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு சிகிச்சை மையம் திறந்தார்கள். மாவட்டம் முழுக்க எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் ஒரே குரல்: "குப்புறப் படுங்கய்யா, ஆக்சிஜன் ஏறும்." படுப்பார்கள். சிஸ்டர் அடுத்த படுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் மல்லாந்திருப்பார்கள். "கழுத்து புடிச்சுக்குதுங்க", "வயிறு அமுங்குதுங்க சிஸ்டர்", "மூச்சு முட்டற மாதிரி இருக்குதுங்க." ஆனால் கேஸ் ஷீட்டில் 'ப்ரோன் – 4 மணி நேரம்' என்று அழகாக எழுதியிருக்கும். சிஸ்டரின் கேள்வி இதிலிருந்து வந்தது. உலகம் முழுக்க இதை வைத்து ஆய்வு செய்தார்களே, அந்த ஆய்வுகளில் இருந்த நோயாளிகள் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் குப்புறப் படுத்தார்கள்?

சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆறு நாடுகளில் 1,100க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2021ல் லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின் இதழில் வந்த ஆய்வில், மூச்சுக்குழாய் போட வேண்டி வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 46 சதவீதம், குப்புறப் படுக்கச் சொன்ன பிரிவில் 40 சதவீதம். அதில் நோயாளிகள் குப்புறப் படுத்த நேரம் நாளுக்குச் சுமார் 5 மணி, அதுவும் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் அதைவிடக் குறைவு. அடுத்த ஆண்டு ஜாமாவில் 400 பேரை வைத்து வந்த ஆய்வில் இலக்கு 8 முதல் 10 மணி நேரம், நடந்தது 4.8 மணி நேரம். மூச்சுக்குழாய் போடுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா, மருந்தை யாரும் முழுதாகச் சாப்பிடவில்லையா என்று கேட்பது மாதிரிதான் இது.

இதற்குப் பதில் தேட வேண்டுமானால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்ய வேண்டும். கேள்வியை முன்கூட்டியே எழுதி, ரிவ்யூக்களுக்கான பொதுப் பதிவேடான பிராஸ்பெரோவில் பதிந்து, பப்மெட், எம்பேஸ் போன்ற தளங்களில் ஒன்றுவிடாமல் தேடி, வந்ததையெல்லாம் சலித்து, தேறியதை முழுதாகப் படித்து, எண்களை எடுத்து அடுக்குவது. பதிவிலிருந்து வெளியீடு வரை இதற்குச் சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று 2017ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. தானியங்கிக் கருவிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டே வாரத்தில் ஒரு ரிவ்யூவை முடித்துக் காட்டியதாக ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2020ல் எழுதியது. அந்தக் குழுவில் தேடல் நிபுணரும் ரிவ்யூ செய்து அனுபவப்பட்ட ஆட்களும் இருந்தார்கள். எங்களிடம் ஓபி முடிந்த பிறகு மிஞ்சும் ஒரு மணி நேரம் இருந்தது.

எந்த ஏஐ கருவியை எந்த வேலைக்கு வைப்பது என்பதைப் பதிவு செய்யும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்; படிவத்திலேயே கேட்கிறார்கள். இந்த ஒரு மாதம் நாங்கள் பார்த்ததும் பிடித்ததும் கழித்ததும் கீழே. இதே நிலையில் இருக்கும் இன்னொரு குழுவுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வெறும் கண்

முதல் வழி, ஏஐ எதுவும் வேண்டாம், இரண்டு பேர் தனித்தனியாக எல்லாவற்றையும் படிப்பது. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். இதுதான் இன்றும் உரைகல்.

தேடலில் நாலாயிரம் பதிவுகள், அதாவது கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும், வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஒருவருக்கு 67 மணி நேரம், இருவருக்கும் சேர்த்து 133. இரவுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குள் தம்பிக்குத் தேர்வு வந்துவிடும்.

அப்படியானால் ஒருவர் மட்டும் படித்தால் போதாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. ஒருவர் மட்டும் சலித்தால் தேவையான கட்டுரைகளில் 13 சதவீதம் விட்டுப்போனது. இருவர் சலித்தபோது 3 சதவீதம். இந்த எண்ணை நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஏஐ கருவிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "மெஷின் எதையாவது விட்டுடுமே" என்றுதான் தொடங்குகிறார்கள். மனிதன் எட்டில் ஒன்றை விடுகிறான் என்பதை ஒருவரும் எடுப்பதில்லை. ஆகவே ஒப்பிட வேண்டியது தவறே செய்யாத மனிதனோடு அல்ல. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னோடு.

சந்தா கட்டுவதும் இலவசமும்

கோவிடன்ஸ் என்ற ரிவ்யூ மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்போர்னிலிருந்து வருவது, பெயரைப் பார்த்துக் கோவிடுக்காக வந்தது என்று நினைக்க வேண்டாம், தொற்றுக்கு முன்பே இருந்தது. வேலையின் ஒவ்வொரு படியையும் வரிசையாகக் கட்டிக்கொடுக்கிறது. பணம் கட்ட வேண்டும். உங்கள் நிறுவனம் சந்தா கட்டியிருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது கட்டவில்லை.

ரய்யான் வேறு மாதிரி. கத்தார் கணினி ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. இலவசத் திட்டமும் கட்டணத் திட்டமும் உண்டு. இலவசத்தில் என்னென்ன அடக்கம் என்பது அவ்வப்போது மாறும், தொடங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குப் பிடித்தது ஏஐ பகுதி அல்ல, கண்ணைக் கட்டும் வசதி. ஒருவர் என்ன முடிவெடுத்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. மேடம் 'வேண்டாம்' போட்டதைப் பார்த்துவிட்டு 'வேண்டும்' போடும் துணிச்சல் எந்த பிஜிக்கும் வராது என்பது கல்லூரியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். திரை அதை மறைத்துவிடுகிறது.

கொஞ்சம் சலித்த பிறகு, மீதமுள்ளவற்றுக்கு அது நட்சத்திரம் போட்டுத் தருகிறது. ஐந்து நட்சத்திரம் என்றால் நீங்கள் சேர்க்க வாய்ப்பு அதிகம், ஒன்று என்றால் குறைவு. நட்சத்திரத்தைப் பார்த்த பிறகு கண் சும்மா இருப்பதில்லை என்பதுதான் என் குறை. ஒற்றை நட்சத்திரக் கட்டுரையை நான் பாதி வரிக்கு மேல் படித்ததே இல்லை. அப்புறம் எதற்கு இரண்டாவது ஆள்?

வரிசையை மட்டும் மாற்றுவது

ஏஎஸ்ரிவ்யூ நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நிரல் எல்லோருக்கும் திறந்தது, காசு கிடையாது, நம் கணினியிலேயே ஓடுகிறது. கொரோனா வெடித்த 2020லேயே கோவிட் கட்டுரைகளுக்கென்று ஒரு இணைப்பையும் கொடுத்தார்கள். நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் அதன் விவரம் 2021ல் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. தேவையான கட்டுரை ஒன்று, தேவையில்லாதது ஒன்று என்று முதலில் காட்டிக்கொடுத்துத் தொடங்குகிறோம். அதை வைத்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை ஒவ்வொன்றாக நம்மிடம் நீட்டும். நாம் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லச் சொல்ல வரிசை மாறிக்கொண்டே இருக்கும். அது எதையும் தூக்கி எறிவதில்லை. எதை முதலில் படிப்பது என்று மட்டும்தான் சொல்கிறது. எறிவது நாம்தான்.

இதை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தது ஏற்காட்டில். போன டிசம்பரில் சிஸ்டரின் சொந்தக்காரர் வீட்டில், காபித் தோட்டத்துக்கு நடுவில், இரண்டு நாள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய் உட்கார்ந்தால் வேறு எதுவும் செய்யத் தோன்றாது, வேலை நடக்கும் என்பது கணக்கு. 300 பதிவுகளை ஒத்திகைக்கு எடுத்திருந்தோம். முதலில் நானும் தம்பியும் ரய்யானில் கண்ணைக் கட்டிக்கொண்டு படித்தோம். மத்தியானம் மூடுபனி ஜன்னல்வரை வந்தது. "மேடம், நெட் போயிருச்சுங்க" என்றார் தம்பி. உலாவியில் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏஎஸ்ரிவ்யூவைச் சேலத்திலேயே நிறுவிக்கொண்டு வந்திருந்ததால் அதை எடுத்தோம். வெளியே பழம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். உள்ளே ஒவ்வொரு கட்டுரையாக வந்துகொண்டிருந்தது.

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும், அதுதான் இதற்கு விலை. எங்கள் தம்பிக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

அந்த ஒத்திகையில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு அதிலிருந்துதான் வந்தது. 'ப்ரோன்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு தொல்லை. குப்புற என்றும் பொருள், எளிதில் ஆளாகக்கூடிய என்றும் பொருள். முதியவர்கள் தொற்றுக்கு 'ப்ரோன்', இந்தப் பரிசோதனை பிழைக்கு 'ப்ரோன்' என்று எழுதிய கட்டுரையெல்லாம் வலையில் மாட்டும். அதே சமயம் விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர். 'அவேக் ப்ரோனிங்', 'கான்ஷியஸ் ப்ரோனிங்', 'செல்ஃப் ப்ரோனிங்'. இப்படி நூற்றுக்கணக்கில் பார்த்துக் கை பழகிய பிறகு, 'ப்ரோன்' என்ற சொல் தலைப்பில் இல்லாத எதையும் நான் மறுபேச்சில்லாமல் தள்ள ஆரம்பித்திருந்தேன். அப்படித் தள்ளியதில் ஒன்று, மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் கொடுப்பது பற்றிய கட்டுரை. சுருக்கத்தின் கடைசி வரியில், நோயாளிகளைத் தாங்களாகவே நிலை மாற்றிப் படுக்க ஊக்குவித்தோம் என்று ஒரு வாக்கியம். நான் அந்த வரிவரை போகவே இல்லை.

ஏஎஸ்ரிவ்யூ அதைத் தம்பியின் வரிசையில் மேலே கொண்டுவந்து நிறுத்தியது. அதற்குக் குப்புறப் படுப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஆக்சிஜன், மூக்கு, மூச்சுக்குழாய், விழித்திருக்கும் என்று நாங்கள் சேர்த்த கட்டுரைகளில் அடிக்கடி வந்த சொற்களைக் கணக்குப் பார்த்து, இதுவும் அந்தச் சாதிதான் என்று நினைத்திருக்கிறது. "இதை எதுக்கு மேடம் தள்ளுனீங்க?" என்று தம்பி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கருவியின் பயன் வேலையைக் குறைப்பதில் இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு மாறியது. நான் எறிந்ததை எடுத்துவந்து "பார்த்துத்தான் எறிந்தாயா?" என்று கேட்கிற ஒன்று எனக்குத் தேவை. நான் எறியாததையும் சேர்த்து எறிகிற ஒன்று தேவையில்லை.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. எங்கே நிறுத்துவது என்பது பெரிய ஓட்டை. தொடர்ந்து நூறு தேவையில்லாதவை வந்தால் நிறுத்திவிடலாம் என்பது போன்ற கைவிதிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே பொருளை வேறு சொற்களில் எழுதுகிற ஒரு கூட்டம், உதாரணமாகச் செவிலியர் இதழ்கள், கீழேயே தங்கிவிடலாம். வேறொரு மாடலை, அதாவது வரிசைப்படுத்தும் கணக்குமுறையை, மாற்றிப் போட்டு மிச்சத்தை மறுபடி ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பது இதற்கு ஓரளவு மருந்து.

இன்னொன்று கொரோனாக் கால இலக்கியத்துக்கே உரியது. அந்த அவசரத்தில் பத்து நோயாளிகள், இருபது நோயாளிகள் என்று பார்த்ததையெல்லாம் ஆசிரியருக்குக் கடிதமாக அனுப்பினார்கள். கடிதத்துக்குச் சுருக்கம் கிடையாது. வெறும் தலைப்பை வைத்துக் கருவி என்ன கணக்குப் போடும்? அவை அடியில் போய்ச் சேரும். எங்கள் கேள்விக்கோ, எத்தனை மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள் என்கிற வார்டு விவரம் இந்தக் கடிதங்களில்தான் கிடக்கும். ஆகவே சுருக்கம் இல்லாத பதிவுகளைத் தொடக்கத்திலேயே தனிக் கோப்பாகப் பிரித்து, கையால் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். எந்தக் கருவியை எடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

மாலையில் பனி விலகியதும் தொட்டிப் பக்கம் போனோம். பறித்துவந்த காபிப் பழத்தைத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். சொத்தையும் காய்ந்ததும் மிதக்கும், திரண்டது முங்கும். மிதப்பதை வழித்துத் தனியாகக் குவிக்கிறார்கள். கொட்டிவிட மாட்டீர்களா என்று கேட்டேன். "அது எப்படிங்க? அதுலயும் நல்லது கெடக்கும். காய வெச்சு அப்புறம் கையில பொறுக்குவோம்" என்றார் அங்கிருந்த அம்மா. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பேசுகிற ஏஐ

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, எந்தக் கருத்தரங்கிலும் இதுதான் பேச்சு. கட்டுரையைக் கொடு, சேர்க்கலாமா வேண்டாமா என்று கேள், முடிந்தது. எங்கள் துறைத் தாழ்வாரத்திலும் "இன்னுமா உக்காந்து படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மூன்று வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கட்டுரை தேடித் தரச் சொல்வது ஆகவே ஆகாது. 2023ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த சோதனையில், ஜிபிடி-3.5 கொடுத்த மேற்கோள்களில் 55 சதவீதமும் ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 சதவீதமும் இல்லாத கட்டுரைகள். பிறகு வந்தவை வலையில் தேடிப் பார்த்துச் சொல்கின்றன, மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் தேடல் என்பது இன்னொருவர் அதே சொற்களைப் போட்டால் அதே பட்டியல் வர வேண்டிய வேலை. நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்கிற கருவி அதற்குப் பொருந்தாது. எலிசிட் போன்ற ஏஐ தேடல் கருவிகள் உண்மையான கட்டுரைகளிலிருந்துதான் எடுத்துத் தருகின்றன. ஒரு தலைப்பை நுனிப்புல் மேய நல்லது, நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஒன்றுவிடாமல் தேடினோம் என்று கையெழுத்துப் போட அது போதாது.

சலிப்பது இரண்டாவது. இதில் எனக்கு இரண்டு மனம். விதிகளைத் தெளிவாக எழுதிக்கொடுத்தால் நன்றாகவே பிரிக்கிறது. 'ப்ரோன்' குழப்பத்தில் அது மாட்டவே இல்லை, வாக்கியத்தைப் படித்துப் பொருள் பிடிக்கிறது. சொல் எண்ணும் கருவிகளைவிட இதில் ஒரு படி மேல். ஆனால் எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்கிறது. தம்பிக்குச் சந்தேகம் வந்தால் முகத்தில் தெரியும், கேள்விக்குறி போட்டு வைப்பார். அந்தக் கேள்விக்குறிதான் குழுக் கூட்டத்தில் பாதி நேரத்தைச் சாப்பிடும், அங்கேதான் எங்கள் விதிகளும் கூர்மையாகும். அது இதில் கிடைப்பதில்லை. மேலும் நிறுவனம் பின்னால் மாடலை மாற்றிவிட்டால், ஆறு மாதம் கழித்து அதே விதியைக் கொடுத்தாலும் அதே பதில் வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது, எண்ணை எடுப்பது. ஒத்திகைக்காக ஒரு ஆய்வின் முழுக் கட்டுரையைப் பேசும் ஏஐ ஒன்றிடம் கொடுத்து, நோயாளிகள் குப்புறப் படுத்த நேரம் எவ்வளவு என்று கேட்டோம். இலக்காக வைத்த மணிநேரத்தை எடுத்து, படுத்த நேரமாகப் பட்டியலில் போட்டது. படுக்கச் சொன்னதும் படுத்ததும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் ரிவ்யூவின் உயிரே. கேஸ் ஷீட்டில் 'ப்ரோன் – 4 மணி நேரம்' என்று எழுதிவிட்டுப் போனவர்கள் செய்த அதே தவறு. "இதுவும் நம்மாளுதான் போலிருக்கு" என்றார் சிஸ்டர்.

கேள்வியை மாற்றி, இலக்கு நேரம் எந்தப் பக்கத்தில், நடந்த நேரம் எந்தப் பக்கத்தில், அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டு என்று கேட்டபோது இரண்டையும் சரியாகப் பிரித்துக் கொடுத்தது. வாக்கியம் கையில் இருந்தால் கட்டுரையில் தேடிச் சரிபார்க்கப் பத்து விநாடி. ஆகவே பதில் சொல்பவராக வைக்காமல், பக்கம் காட்டுபவராக வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வுகளின் சாய்வை எடைபோட ரோபாட்ரிவ்யூவர் என்று ஒன்று இருக்கிறது. துணை வாக்கியத்தோடு தீர்ப்புச் சொல்லும். எங்களுக்குப் பயனில்லை. குப்புறப் படுத்திருப்பவருக்குத் தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது தெரியாமல் இருக்குமா? நோயாளிக்குப் பிரிவு தெரியுமா என்ற கட்டத்தில் எல்லா ஆய்வுக்கும் ஒரே குறைதான் வரும். அதை வைத்து எதைப் பிரிப்பது?

எந்தக் கருவியும் பார்க்காத இடம்

கருவிகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பெருந்தொற்று ஆய்வில் ஆபத்து பெரும்பாலும் சலிக்கும் இடத்தில் இல்லை.

வெள்ளம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கணக்கு. கோவிட் மற்றும் பிற கொரோனா வைரஸ் கட்டுரைகளைக் கணினி படிக்கும்படி ஓரிடத்தில் சேர்த்த கார்ட்-19 தொகுப்பு 2020 மார்ச்சில் முப்பதாயிரத்துக்கும் குறைவான கட்டுரைகளோடு தொடங்கியது. 2022 ஜூனில் கடைசிப் பதிப்பு வந்தபோது பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. இதில் பல, முதலில் மெட்ஆர்க்கைவ் போன்ற தளத்தில் முன்வெளியீடாக, அதாவது இதழின் சரிபார்ப்புக்கு முன்பே வந்து, பிறகு தலைப்பும் ஆசிரியர் வரிசையும் மாறி இதழில் வந்தவை. இரட்டைப் பதிவை நீக்கும் மென்பொருளுக்கு இவை இரண்டும் வேறு வேறு. அப்படியே விட்டால் ஒரே நோயாளிகளை இரண்டு முறை எண்ணிவிடுவோம். ஆய்வுப் பதிவு எண்ணை வைத்துக் கையால் ஜோடி சேர்ப்பதுதான் ஒரே வழி.

அதைவிடப் பெரியது, பொய்த் தரவு. சர்ஜிஸ்பியர் நிறுவனத்தின் தரவை வைத்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 2020 மே 22ல் லான்செட்டில் வந்த கட்டுரை, இரண்டே வாரத்தில், ஜூன் 4ல் திரும்பப் பெறப்பட்டது. ஐவர்மெக்டின் பற்றி எகிப்திலிருந்து வந்த ஒரு முன்வெளியீடு 2021 ஜூலையில் நீக்கப்பட்டது. அதற்குள் அது, பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடும் மெட்டா அனாலிசிஸ்களுக்குள் போய், முடிவையே இழுத்துப் பிடித்திருந்தது. இந்த இரண்டையும் எந்தச் சலிப்புக் கருவியும் தள்ளியிருக்காது. கேள்விக்கு அச்சாகப் பொருந்தும் கட்டுரைகள், ஐந்து நட்சத்திரமே கிடைத்திருக்கும். நம்புகிற மாதிரி எழுதப்பட்டதை நம்பாமல் பார்க்கிற வேலை நம்முடையது. கட்டுரைகளை ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்து வையுங்கள்; ரிட்ராக்ஷன் வாட்ச் பட்டியலோடு ஒப்பிட்டு, திரும்பப் பெறப்பட்டதற்குச் சிவப்புக் கோடு காட்டும். அது இலவசம்.

எங்கள் முடிவு

எந்தப் படியில் எத்தனை கட்டுரை கழிந்தது என்று காட்டும் பிரிஸ்மா 2020 வரைபடத்தில், தானியங்கிக் கருவி தகுதியில்லை என்று ஒதுக்கியவை எத்தனை என்று எழுத ஒரு பெட்டியே இருக்கிறது. ரிவ்யூக்களுக்கு நெறி வகுக்கும் காக்ரேன், கேம்பெல், ஜேபிஐ முதலிய அமைப்புகள் சேர்ந்து 2025ல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும், ஏஐயைப் பயன்படுத்தலாம், எங்கே எப்படி என்று வெளிப்படையாக எழுது, பொறுப்பு உன்னுடையது என்றுதான் இருக்கிறது. ஆகவே தடை எதுவும் இல்லை. எங்கள் பெட்டியில் சுழியம் வரும்படி அமைத்துக்கொண்டோம். கருவி எதையும் ஒதுக்காது.

எல்லாப் பதிவையும் நான் ரய்யானில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிறேன், நட்சத்திரத்தைக் கேட்காமல். தம்பி அதே பதிவுகளை ஏஎஸ்ரிவ்யூ தரும் வரிசையில் படிக்கிறார். நிறுத்தும் விதியை இப்போதே எழுதிவிட்டோம்: குறைந்தது பாதியாவது படித்திருக்க வேண்டும், அதன் பிறகு தொடர்ந்து 150 தேவையில்லாதவை வர வேண்டும், அப்புறம் மாடலை மாற்றி ஒருமுறை. இந்த எண்களுக்கு வேதவாக்கு எதுவும் இல்லை. முன்கூட்டியே எழுதியிருக்கிறோம் என்பதுதான் அவற்றின் பலம். சுருக்கமில்லாக் கடிதங்களை இருவரும் முழுதாகப் படிக்கிறோம். முரண் வந்தால் சிஸ்டர் சொல்வது தீர்ப்பு. மணிநேர எண்ணை இருவர் கையால் எடுக்கிறோம், பேசும் ஏஐ மூன்றாவதாகப் பக்கம் காட்டும்.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், என் 67 மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. மிச்சமாவது தம்பியின் நேரம், அதிகம் போனால் பாதி. விளம்பரங்களில் வருகிற மாதிரி இல்லை.

உங்கள் நிலை வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். ஐந்நூறு அறுநூறு பதிவுதான் என்றால் கருவி நிறுவுகிற மாலையில் கால்வாசி படித்துவிடலாம், ஏஐ வேண்டாம். இருபதாயிரம் என்றாலோ, புது ஆய்வு வர வர மாதாமாதம் புதுப்பிக்கிற ரிவ்யூ என்றாலோ, ஒருவர் முழுதாகப் படிப்பது நடக்காது. வரிசைப்படுத்தும் கருவியை நம்பித்தான் ஆக வேண்டும். எங்கள் துறையிலேயே இன்னொரு குழு கபசுரக் குடிநீர் பற்றி யோசிக்கிறது. அவர்களுக்கு நான் சொன்னது, கருவிப் பேச்சை விடுங்கள் என்று. அங்கே சலிக்க அதிகம் இல்லை, கண்டுபிடிப்பதுதான் பாடு. அதன் பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! 'கப' ஒரு இடத்தில், 'கபா' ஒரு இடத்தில், ஒரே சொல்லாக, இரண்டாகப் பிரித்து. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் பதிவுப் படிவம் நேற்று போனது. இன்று இரவு நான் ஒன்றிலிருந்து அறுபது வரை. ஒன்பது மணிக்கு மேல் படிப்பதில்லை என்று சிஸ்டர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.